மதுரையிலிருந்து அமெரிக்காவுக்கு: அம்மா அப்பாவை எந்த வழியாக அனுப்பலாம்?

மகளுக்குப் பிரசவம், மகன் புது வீடு வாங்கியிருக்கிறான், பேரனுக்குக் கோடை விடுமுறை. காரணம் எதுவானாலும், விசா கைக்கு வந்த மறுநாள் எழும் கேள்வி ஒன்றுதான். சென்னைக்குப் போய் ஏறுவதா, மதுரையிலேயே ஏறிவிடுவதா? ஒரே மூச்சில் போகும் விமானமா, நடுவில் ஒருமுறை இறங்கி மாறுவதா? பிள்ளைகள் அங்கிருந்து ஒரு லிங்க் அனுப்புவார்கள். இங்கே மைத்துனர் வேறொன்று சொல்வார். டிக்கெட் ஏஜென்ட் மூன்றாவதாக ஒரு வழி காட்டுவார். பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடும்.

போகிறவர்களோ அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு முழங்கால் வலி. பலருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. முப்பது வயதில் தனியாகப் போகிறவர் எந்த வழியில் போனாலும் போய்ச் சேர்ந்துவிடுவார்.

முதலில், எதை வைத்து அளப்பது?

டிக்கெட் தளத்தில் "22 மணி நேரம்" என்று போட்டிருந்தால், அது சென்னை விமான நிலையத்தில் விமானம் கிளம்பும் நிமிடத்திலிருந்து போட்ட கணக்கு. கே.புதூரிலோ திருநகரிலோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கு அதற்கு முன்பே பன்னிரண்டு மணி நேரம் ஓடியிருக்கும்: காரில் எட்டு, விமான நிலையத்தில் நான்கு. வயதானவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டில்தான். அதனால் முதல் அளவுகோல், வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம் என்பது.

இரண்டாவது, ஒரே இருக்கையில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது. மொத்த நேரத்தைவிட இதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. அங்கே பதினைந்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே காற்றின் ஈரப்பதம் மிகக் குறைவு, பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறளும், கால் வீங்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பயப்பட வேண்டாம், அப்படியும் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் வயது, பருமன், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, ஏற்கெனவே ரத்தம் உறைந்த வரலாறு இவையெல்லாம் சேரும்போது அந்தக் கணக்கு ஏறும். இதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: கார், பஸ், ரயில் எதுவானாலும் காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தால் இதே ஆபத்துதான். ஆக, சென்னை வரை காரில் உட்கார்ந்த எட்டு மணி நேரத்தையும் நம் கால் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எத்தனை இடத்தில் இறங்கி, பலகை படித்து, வழி கேட்டு மாற வேண்டும் என்பது. நான்காவது, ஒரு விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் யார் பொறுப்பு என்பது. இது முழுக்க முழுக்க டிக்கெட் ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்தது. பணம் கடைசி. பணம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. மற்ற நான்கையும் பார்த்தபின்தான் எது உண்மையில் மலிவு என்பதே தெரியவரும்.

வழி 1: சென்னை போய் ஏறி, வளைகுடாவில் ஒருமுறை மாறுவது

மதுரைக்காரர்களில் நிறையப் பேர் போகும் வழி இது. சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி மூன்றும் நான்கு, நாலரை மணி நேரம். அங்கிருந்து நியூயார்க் பக்கம் பதின்மூன்று, பதினான்கு; கலிபோர்னியா என்றால் பதினைந்து, பதினாறு. ஒரே டிக்கெட், ஒரே ஒரு மாற்றம். பெட்டி சென்னையில் போட்டால் அமெரிக்காவில்தான் கையில் வரும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் வேலை.

இதில் மூன்று ஊருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அபுதாபியில் 2014 முதல் அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். முத்திரை குத்துவது, சுங்கக் கேள்விகள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கியதும் உள்ளூர்ப் பயணியைப்போல நேராகப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். பதினான்கு மணி நேரம் பறந்து, கால் கனத்து, தூக்கம் சொக்கும்போது வரிசையில் நிற்பதைவிட, நான்கு மணி நேரப் பறப்பு முடிந்த தெம்பில் நின்றுவிடுவது வயதானவர்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். இடையில் குறைந்தது மூன்று மணி நேரமாவது இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சென்னை வரை எப்படிப் போவது? மறைந்திருக்கும் செலவெல்லாம் இங்கேதான்.

கார் என்றால் ஏறக்குறைய 460 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். வாசலில் பெட்டியை ஏற்றினால் விமான நிலைய வாசலில் இறக்கலாம் என்பது பெரிய வசதி. விமான நிலையம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே, ஊருக்குத் தெற்கே இருப்பதால் நகர நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கமே வண்டிகள் தேங்க ஆரம்பித்துவிடும். பொங்கல், தீபாவளி முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் ஞாயிற்றுக்கிழமை என்றால் பரனூர் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் வயிறு கலங்கிவிடும். வாடகை, டோல் போக, வழியனுப்ப வரும் உறவினர்கள் திரும்பும் செலவும் உண்டு. நாலு பெட்டியோடு ஆறு பேர் ஏறினால், போகிறவர்களுக்குத்தான் காலை நீட்ட இடமிருக்காது. அவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். திருச்சியிலும் விழுப்புரத்திலும் இறக்கி பத்து நிமிடம் நடக்க விடுங்கள்.

ரயில் என்றால் தாம்பரத்தில் இறங்க வேண்டும், எழும்பூர் வரை போகக்கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். தாம்பரத்திலிருந்து விமான நிலையம் பத்து கிலோமீட்டருக்குள். எழும்பூர் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். மதியம் மூன்று மணி வாக்கில் மதுரையில் கிளம்பும் தேஜஸ் இரவு ஒன்பதுக்கு முன்பே தாம்பரம் வந்துவிடும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பும் விமானத்துக்குப் பொருத்தமாக இருக்கும். காலை ஒன்பது, பத்து மணி விமானம் என்றால் முந்தைய இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு வரலாம், விடியுமுன் தாம்பரம். அந்த நாளிலேயே ஏறுவதைவிட ஒரு நாள் முன்னதாக வந்து விடுதியில் தங்குவது இன்னும் நல்லது. ரயில் தாமதமானால் விமான நிறுவனம் காத்திருக்காது, காசும் திரும்பாது.

ரயிலில் நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, படுக்கலாம். காலுக்கு இது நல்லது. சங்கடம் பெட்டிதான். ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி என்றால் இருவருக்கு 92 கிலோ. தாம்பரத்தில் ரயில் நிற்கும் சில நிமிடத்தில் அதை இறக்க தெம்புள்ள ஒருவர் கூட வர வேண்டும். இன்னொன்று, ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கும். விமான டிக்கெட்டை ஐந்து மாதம் முன்பே எடுத்துவிட்டு ரயிலை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. காலண்டரில் குறித்து வையுங்கள்.

என்னைக் கேட்டால், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பல்லாவரம் அல்லது மீனம்பாக்கத்தில், ஓர் அறை எடுத்து ஆறு மணி நேரமாவது காலை நீட்டிப் படுத்துவிட்டு ஏறுவதற்கான செலவு இந்த மொத்தப் பயணத்திலேயே உருப்படியான செலவு. டிக்கெட்டில் ஐயாயிரம் மிச்சம் பிடித்தவர்கள்கூட இதில் கையைச் சுருக்குகிறார்கள்.

வழி 2: மதுரையிலேயே ஏறி, டெல்லியிலிருந்து ஒரே பறப்பாகப் போவது

அவனியாபுரம் பக்கம் விமான நிலையம், வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணி. சென்னை வரை இடுப்பு நோக உட்கார வேண்டியதில்லை. டெல்லியிலிருந்து நியூயார்க்கும் சிகாகோவும் சான் பிரான்சிஸ்கோவும் நேர் விமானத்தில் போகலாம். வாசலிலிருந்து வாசல் கணக்கில் இது முதலிடத்துக்கு வர வாய்ப்புண்டு. இந்தி தெரியாவிட்டாலும், நம் நாட்டுக்குள்ளேயே மாறுகிறோம் என்ற தைரியம் சிலருக்குப் பெரிது.

எனக்குத் தெரிந்த அத்தை ஒருவர் இப்படித்தான் கேட்டார்: "ஏய்யா, ஒரே மூச்சா போயிட்டாத் தேவலைல்ல? நடுவுல எறங்கி எங்கிட்டுன்னு போய் நிக்கிறது?" நியாயமான பயம். அதற்குப் பதில் வீல்சேர்தான். "எறங்குற வாசல்லயே தள்ளுற பையன் நிப்பான் அத்தை, நீங்க ஒக்காந்தாப் போதும், அடுத்த பிளேன் வாசல்ல கொண்டுபோய் விட்ருவான்" என்றதும்தான் முகம் தெளிந்தது.

அந்த ஒரே மூச்சுக்கு ஒரு விலை உண்டு. பதினைந்து, பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதிலிருந்து இவை சுற்றுப்பாதையில் போக வேண்டி வந்தது. சில விமானங்கள் நடுவே ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. அப்போது பயணிகள் உள்ளேயே உட்கார்ந்திருக்க, பதினாறு பத்தொன்பதாகிவிடுகிறது. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்த விமானம் உண்மையில் எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதைக் கடந்த சில நாள் பதிவில் பார்த்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அடுத்தது டிக்கெட். மதுரை முதல் அமெரிக்கா வரை ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் இந்த வழி நல்ல வழி. மதுரை-டெல்லி தனியாக, டெல்லி-நியூயார்க் தனியாக என்று இரண்டாக எடுத்தால் கதை வேறு. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான். நாற்பத்தாறு கிலோவோடு நிற்கும்போது மீதி 31 கிலோவுக்கு, கிலோவுக்குப் பல நூறு ரூபாய் வீதம் கட்டச் சொல்வார்கள். இருவருக்கு அது மிச்சம் பிடித்த தொகையைத் தாண்டிவிடும். டெல்லியில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டத்தில் உள்நாட்டு விமானம் நான்கு மணி நேரம் தள்ளிப்போனால், அடுத்த விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை. புது டிக்கெட் உங்கள் காசு. குளிர்காலத்தில், இரண்டு தனி டிக்கெட்டில், பெற்றோரை மட்டும் இந்த வழியில் அனுப்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வழி 3: ஐரோப்பா வழி, பாதிக்குப் பாதி

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் அல்லது லண்டன் ஏறக்குறைய பத்து, பதினோரு மணி நேரம். அங்கிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை எட்டு, ஒன்பது. வளைகுடா வழியில் நாலு, பதினாலு என்று கோணலாக இருப்பது இங்கே சமமாகிவிடுகிறது. பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வேண்டியதில்லை. கால் வீக்கம், முதுகுவலி, அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லை உள்ளவர்களுக்கு இந்தச் சமப்பிரிவு நிஜமாகவே உதவும். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் போகிறவர்கள் விலை அதிகம் என்று இதை ஒதுக்கிவிடாமல் ஒருமுறை பார்க்கலாம்.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப்போகத் தனி விசா வேண்டியதில்லை. ஆனால் விமானம் ரத்தாகி இரவு தங்க நேர்ந்தால், ஐரோப்பிய நாடுகளுக்குள் நுழைவதற்கான ஷெங்கன் விசா இல்லாமல் பிராங்க்பர்ட்டில் வெளியே விடுதிக்குப் போக முடியாது. வளைகுடாவில் இந்தச் சிக்கல் குறைவு. சாப்பாடும் ஒரு விஷயம். துபாய், தோஹாவில் நம் சாப்பாடு கண்ணில் படும். பிராங்க்பர்ட்டில் ரொட்டியும் சீஸும்தான் முன்னால் நிற்கும்.

வழி 4: நடுவில் ஓர் இரவு படுத்து எழுந்து போவது

இதை யாரும் யோசிப்பதேயில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதுகெலும்புப் பிரச்சினை, எழுபத்தைந்துக்கு மேல் வயது, மூட்டு மாற்றிய கால் என்றால் வளைகுடாவில் பன்னிரண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் போவது வீண் செலவல்ல. தோஹாவிலும் துபாயிலும் விமான நிலையத்தின் உள்ளேயே, குடிவரவு தாண்டாமல், தங்கும் விடுதி இருக்கிறது. விலை நம் ஊர்க் கணக்கில் கண்ணைக் கட்டும். ஆனால் பெட்டியைத் தொட வேண்டாம், விசா வேண்டாம், வழி தேட வேண்டாம். வெளியே தங்க நினைத்தால், அமெரிக்க விசா உள்ள இந்தியர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டணம் கட்டி வந்திறங்கி விசா வாங்கும் வசதி உண்டு. துபாயில் நம் சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். ஒரு ராத்திரி அவர் வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம். சிங்கப்பூர் வழியாகக் கலிபோர்னியா போகிறவர்களுக்கும், அமெரிக்க விசாவோடு தொடர் பயண டிக்கெட் இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் நின்று போக வழி இருக்கிறது.

குறை: மருந்து நேரம், சாப்பாட்டு நேரம் இரண்டு முறை குழம்பும். துணை இல்லாமல் தனியாகப் போகிற அம்மாவுக்கு இது வேண்டாம். தம்பதியாக, அல்லது கூட ஒரு பிள்ளை இருந்தால் மட்டும்.

திருச்சி, கொச்சி, திருவனந்தபுரம், கொழும்பு

திருச்சி 135 கிலோமீட்டர், இரண்டு, இரண்டரை மணி நேரம். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அருமையான இடம். அமெரிக்காவுக்கு என்றால் ஒரே டிக்கெட்டில் நல்ல இணைப்பு கிடைத்தால் மட்டும். திருவனந்தபுரம் முந்நூறு கிலோமீட்டர், கொச்சி அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் வளைகுடா விமானங்கள் நிறைய, சில நாளில் சென்னையைவிட மலிவு. கொச்சிக்குத் தேனி வழியாகப் போனால் மலைப்பாதை. வாந்தி வரும் அம்மாவை அந்தப் பாதையில் ஏற்றி, அன்றைக்கே பதினெட்டு மணி நேரம் பறக்கவும் வைக்காதீர்கள். நாகர்கோவில், தென்காசி, கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு இவை சென்னையைவிடப் பொருந்தும்.

மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு. லண்டன், மெல்போர்ன், சிட்னி போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்; வீட்டுப் பக்கத்தில் ஏறி, ஒரே மாற்றத்தில் போய்ச் சேரலாம். அமெரிக்காவுக்குக் கொழும்புக்குப் பின் இன்னும் ஒருமுறை மாற வேண்டியிருக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு பார்வையில்

| | சென்னை + வளைகுடா | டெல்லி நேர் விமானம் | சென்னை + ஐரோப்பா | நடுவில் ஓர் இரவு |
|---|---|---|---|---|
| வாசல் முதல் வாசல் | 32–36 மணி | 28–32 மணி | 33–36 மணி | 44 மணிக்கு மேல் |
| மிக நீண்ட ஒரே இருப்பு | 13–16 மணி | 15–16, சில சமயம் மேலும் | 10–11 மணி | 13–16, ஆனால் படுத்து எழுந்தபின் |
| விமானம் மாறுவது | ஒருமுறை | ஒன்று அல்லது இரண்டு | ஒருமுறை | ஒருமுறை |
| மறைந்த செலவு | கார் அல்லது ரயில், சென்னை அறை | கூடுதல் எடை, தவறிய இணைப்பு | டிக்கெட் விலை | விடுதி, விசாக் கட்டணம் |
| பயப்பட வேண்டியது | விழாக்கால நெரிசல் | குளிர்காலப் பனி, தனி டிக்கெட் | எதிர்பாராத இரவுத் தங்கல் | மருந்து நேரக் குழப்பம் |

(வாசல் முதல் வாசல் மணிக் கணக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு. மேற்குக்கரை என்றால் சில மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.)

யாருக்கு எது?

முதல்முறை போகும் தம்பதி, அறுபதுகளில், பெரிய நோய் எதுவும் இல்லை: ஒரு நாள் முன்னதாகச் சென்னை, அறை, பிறகு வளைகுடா வழி, அபுதாபி கிடைத்தால் அபுதாபி. இறங்கும் ஊரை விலைக்காக மாற்றாதீர்கள். மகள் டல்லாஸில் இருந்தால் டல்லாஸுக்கே நேராகப் போகும் விமானம். நியூயார்க்கில் இறங்கி உள்ளூர் விமானம் ஏறுவது இளைஞர்களுக்குச் சரி. பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட்டு, இன்னொரு முனையத்துக்கு ஓடுவது பெரியவர்களுக்கு ஆகாது. நேர் விமானம் இல்லாத சின்ன ஊர் என்றால் மருமகன் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து அழைத்துப்போகட்டும்.

அம்மா தனியாகப் போகிறார், ஆங்கிலம் வராது: வீல்சேர் சேவையோடு அதே வளைகுடா வழி, அல்லது ஒரே டிக்கெட் கிடைத்தால், பனிக்காலம் இல்லாதபோது, டெல்லி வழி. நடக்க முடிகிறவர்கள்கூட வீல்சேர் கேட்கலாமா என்று தயங்குகிறார்கள். கேளுங்கள். நெடுந்தூரம் நடக்க முடியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாடு. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலில் ஏற்கெனவே ரத்தக் குழாய்த் தொல்லை, வீக்கம் உள்ளவர்கள், பாஸ்டன், நியூயார்க் பக்கம் போகிறவர்கள்: ஐரோப்பா வழி. கிளம்புமுன் டாக்டரைப் பார்த்து, அழுத்தக் காலுறை அவர் சொல்லும் அளவில் வாங்குங்கள். கடையில் கையில் கிடைத்ததை வாங்காதீர்கள்.

எந்த வழியானாலும்

ஓர இருக்கை. ஜன்னல் வேண்டும் என்ற ஆசையை நான்கு மணி நேரப் பறப்பில் தீர்த்துக்கொள்ளட்டும். நீண்ட பறப்பில் இருவருக்கும் நடைபாதையை ஒட்டிய இருக்கை. அகன்ற விமானங்களில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எதிரெதிரே எடுத்தால், பக்கத்திலிருப்பவரை எழுப்பாமல் எழுந்து நடக்கலாம், பேசிக்கொள்ளவும் செய்யலாம். இருக்கைக்குத் தனிக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

செருப்பு. புதிதாக வாங்கிய, காலைக் கவ்விப் பிடிக்கும் ஷூவோடு ஏறும் அப்பா, பத்தாம் மணி நேரத்தில் கழற்றுவார். இறங்கும்போது கால் வீங்கி உள்ளே போகாது. குதிகாலை மிதித்துக்கொண்டு விமான நிலையம் முழுக்க இழுத்து இழுத்து நடப்பார். பட்டை தளர்த்தக்கூடிய, கொஞ்சம் பெரிய செருப்பே போதும்.

சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. சரக்கறையில் போட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். மேற்கே போகப் போக அந்த நாள் நீண்டுகொண்டே போகும். இரவு மாத்திரையை எந்த ஊர் இரவுக்குப் போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு, மதுரை நேரத்திலேயே தாளில் எழுதி வையுங்கள். ஒரு கடிகாரத்தை மாற்றாமல் மதுரை நேரத்திலேயே விடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கான உணவையோ ஆசிய சைவ உணவையோ முன்கூட்டியே பதிவு செய்யலாம், தனிக் காசு இல்லை. அதோடு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு கையில் இருந்தால் சென்னையில் காத்திருக்கும் நேரத்துக்கும் முதல் விமானத்துக்கும் ஆகும். மிச்சத்தை அமெரிக்காவில் இறங்குமுன் தீர்த்துவிடுங்கள்.

சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேல் பொடியைக் கைப்பையில் வைத்தால் பிரித்துப் பார்ப்பார்கள், எடுத்தும் வைத்துவிடலாம். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பிடிப்பால் தீப்பற்றக்கூடியது என்பதால் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று அங்கே தடை. படிவத்திலோ கேட்கும்போதோ உணவுப் பொருள் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள், மறைத்தால் அபராதம்.

திரும்பி வரும்போது

போகும் வழியை இவ்வளவு யோசிப்பவர்கள் திரும்பும் வழியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிழக்கு நோக்கிப் பறப்பதால் உடம்பு நேரத்துக்குப் பழக இன்னும் சில நாள் கூடுதலாக ஆகும். வளைகுடா விமானங்கள் பல சென்னையில் நள்ளிரவுக்குப் பின் இறங்குகின்றன. அந்த நேரத்தில் மதுரையிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி வந்த டிரைவரையே திருப்பி ஓட்டச் சொல்வது ஆபத்து. விடியற்காலை நான்கு மணிக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் கண் அசந்துபோவது யாருக்கும் நடக்கும். இதில் எந்தச் சிக்கனமும் வேண்டாம்.

காரில்தான் என்றால் இரண்டு டிரைவர், அல்லது விடிந்தபின் கிளம்புவது. ரயில் என்றால் காலையில் எழும்பூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் தாம்பரத்திலும் நின்று நண்பகல் வாக்கில் மதுரை சேரும்; வாரத்தில் அது இல்லாத நாள் உங்கள் தேதியில் விழுகிறதா என்று பாருங்கள். அது கிடைக்காவிட்டால் அறையில் தூங்கி எழுந்து மதியம் வைகை எக்ஸ்பிரஸ். டெல்லி வழியாக வந்தால், ஒரே டிக்கெட்டானாலும் பெரும்பாலும் பெட்டியை டெல்லியில் எடுத்து, சுங்கம் தாண்டி, மதுரை விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும். நான்கு மணி நேர இடைவெளி இல்லாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். வீல்சேரைத் திரும்பும் டிக்கெட்டிலும் தனியாகப் பதிவு செய்திருக்கிறதா என்று பிள்ளைகள் அங்கிருந்தே ஒருமுறை போன் செய்து கேட்டுக்கொள்ளட்டும்.